மூன்றாம் கிளாரினெட்

கல்லூரி கான்சர்ட் பேண்டுக்கான தேர்வு முடிந்து பட்டியல் ஒட்டியபோது என் பெயருக்கு நேரே "மூன்றாம் கிளாரினெட்" என்று இருந்தது. பள்ளியில் முதல் கிளாரினெட் வாசித்துவிட்டு வந்த எனக்கு அது நிஜமாகவே வலித்தது. மெட்டெல்லாம் முதல் கிளாரினெட்டுக்குப் போய்விடும், நமக்கு நீட்டிப் பிடிக்கிற ஸ்வரங்கள்தான் மிஞ்சும் என்று நினைத்தேன். நான்கு வருடமும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் வருடம் முடிந்ததும் மேலே வருகிறாயா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஏன் என்று சொல்வதற்கு ஒத்திகை அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

கான்சர்ட் பேண்டில் ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் இருக்கும், வயலின் குடும்பம் இருக்காது. சிம்பனி இசைக்குழுவில் வயலின்கள் சுமக்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே கிளாரினெட்டுகள் சுமக்கும். எங்கள் பேண்டில் 56 பேர். அதில் 11 பேர் கிளாரினெட், மூன்றாம் பகுதியில் நான்கு பேர்.

முதல் ஒத்திகையில் மாஸ்டர் ஒரு புதிய இசைத்தாளைக் கொடுத்து, இரண்டு நிமிடம் பாருங்கள் என்றார். பிறகு குச்சியைத் தூக்கிவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தை நான் ரீடை, அதாவது மௌத்பீஸில் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் பட்டையை, சரியாகப் பொருத்துவதிலேயே செலவழித்திருந்தேன். ஐந்தாவது பாரில் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்தான் பார்) ஒரு ஸ்வரம் தவறியது. என்ன தவறு என்று திரும்பிப் பார்ப்பதற்குள் மற்றவர்கள் பத்தாவது பாருக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மூன்றாம் வருட அக்கா, தனக்குக் கிடைத்த ஒரு சின்ன இடைவெளியில், பென்சில் முனையால் என் தாளில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து சேர்ந்துகொண்டேன். ஒத்திகை முடிந்ததும் அவர் சொன்னது இது: "தப்பா வாசிச்சா பரவாயில்லப்பா, நின்னுடாத. ஒவ்வொரு பாருக்கும் முதல் அடிய மட்டும் பிடிச்சுக்கோ. நடுவுல விட்டதெல்லாம் அடுத்த வாரம் வந்துடும்."

முதல் முறை பார்த்து வாசிப்பதற்கு இதைவிட நல்ல யோசனை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். ஸ்வரத்தை அரைஸ்வரம் ஏற்றும் ஷார்ப் குறிகள் எத்தனை, இறக்கும் ஃபிளாட் குறிகள் எத்தனை, அவை நடுவில் எங்கே மாறுகின்றன, தாளம் எங்கே மாறுகிறது, திரும்பிப் போக வேண்டிய குறிகள் எங்கே இருக்கின்றன. கடைசியாக, பார்க்கவே கறுப்பாக நெருங்கிக் கிடக்கும் அந்த ஒரு பார். அதை மட்டும் சத்தமில்லாமல் விரலால் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் கண் பார்த்துக்கொள்ளும்.

முதல் வாரம் என்னைக் குழப்பிய இன்னொரு விஷயம் ஸ்வரப் பெயர்கள். மாஸ்டர் "கான்சர்ட் பி ஃபிளாட்" என்பார். புல்லாங்குழலும் டிராம்போனும் பி ஃபிளாட்டையே வாசிப்பார்கள். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி வாசிக்க வேண்டும். ஆல்டோ சாக்ஸபோன் ஜி, ஃபிரெஞ்சு ஹார்ன் எஃப். எழுதியிருப்பது வேறு வேறு, காதில் விழுவது ஒரே ஸ்வரம். ஃபோல்டரின் உள் அட்டையில் ஒரு சின்ன அட்டவணை எழுதி ஒட்டிக்கொண்டேன். ஒரு மாதத்தில் அது தேவைப்படாமல் போனது. ஆனால் "ஹார்ன்களுக்கு அங்கே என்ன ஸ்வரம்?" என்று யோசிக்கிற பழக்கம் அந்த அட்டவணையிலிருந்துதான் வந்தது.

அடுத்தது சுருதி. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

தொடக்கத்தில், சுருதி சேர்ப்பது என்றால், சுருதியை அளந்து காட்டும் டியூனரின் முள் நடுவில் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே அது பொய்த்தது. ஊதுகருவிக்குள் இருக்கும் காற்று சூடாக ஆக சுருதி ஏறும். குளிர்ந்த கருவியை எடுத்து உடனே சுருதி சேர்த்தால், கால் மணி நேரத்தில் எல்லோரும் மேலே போயிருப்போம். அதனால் முதலில் நீண்ட ஸ்வரங்கள், எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கோரல் என்ற மெதுவான பாட்டு ஒன்று, அதற்குப் பிறகுதான் சுருதி. கிளாரினெட்டில் மௌத்பீஸுக்குக் கீழே இருக்கும் பேரல் என்ற குழாய்த் துண்டை ஒரு நூலளவு வெளியே இழுத்தால் சுருதி இறங்கும்.

அடுத்த பாடம் துடிப்பு. ஒருவர் 440 ஹெர்ட்ஸில் ஏ ஸ்வரம் ஒலிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் 442-இல் ஒலிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும்போது நொடிக்கு இரண்டு முறை ஒலி "வாங்... வாங்..." என்று பெருகிச் சுருங்கும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகும், சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். இதைக் கேட்க ஒரே வழி, நாம் கொஞ்சம் சன்னமாக வாசிப்பதுதான். நம் சத்தம் பெரிதாக இருந்தால் துடிப்பு எங்கே காதில் விழும்? மாஸ்டர் எங்களை இரண்டு இரண்டு பேராக வாசிக்க வைத்து, யார் மேலே, யார் கீழே என்று கேட்பார். தெரியாவிட்டால் ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்து பார், துடிப்பு வேகமானால் திரும்பி வா என்பார். எனக்கு அது பிடிபட இரண்டு மாதம் ஆனது.

இன்னும் ஆழமாகப் போனால் கருவிகளின் குணம். சத்தத்தைக் குறைக்கும்போது கிளாரினெட் சுருதி ஏறப் பார்க்கும், புல்லாங்குழல் இறங்கப் பார்க்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஸ்வரத்தைத் தேய்த்துக்கொண்டே மறைய வேண்டும் என்றால், கவனிக்காவிட்டால் ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோவோம். ஓர் இசைத் துண்டில் அப்படித்தான் ஆனது. மூன்று ஒத்திகை வரைக்கும் "அவங்க இறங்குறாங்க", "இவங்க ஏறுறாங்க" என்று இரண்டு வரிசையும் முகம் சுளித்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு நாள் ஒத்திகைக்கு முன் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்து, அந்த நான்கு பாரை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தோம். நாங்கள் கீழே பிடித்தோம், அவர்கள் மேலே தாங்கினார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு முன்பு எனக்கு அந்தப் புல்லாங்குழல்காரர்களின் பெயர்கூடத் தெரியாது.

மூன்றாம் கிளாரினெட் மேல் எனக்குப் பிரியம் வந்ததும் சுருதி வழியாகத்தான். நாங்கள் தினமும் ஒத்திகையைத் தொடங்கும் கோரல் பி ஃபிளாட் மேஜர் கார்டில், அதாவது மூன்று ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதில், முடியும். பி ஃபிளாட், டி, எஃப். நம் கணக்கில் சொன்னால் ஸ, க, ப. டியூபாவும் பெரிய கருவிகளும் ஸட்ஜத்தைப் பிடிப்பார்கள். மேலே பஞ்சமமும் ஸட்ஜமும். நடுவில் இருக்கும் அந்தக் காந்தாரம் எங்களிடம் இருந்தது. எங்கள் தாளில் ஈ என்று எழுதியிருக்கும், ஒலிப்பது டி. டியூனர் முள் நடுவில் நிற்கும்படி அதை வாசித்தால் கார்டு கரகரக்கும். காரணம், டியூனர் ஓர் ஆக்டேவை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரையான தூரத்தை, பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டிய கணக்கில் ஓடுகிறது. இயல்பாக ஒலிக்கும் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கிறது. ஓர் அரைஸ்வரத்துக்கு 100 சென்ட் என்றால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மாஸ்டர் எங்கள் நான்கு பேரைப் பார்த்து, "டியூனரை அணைச்சுட்டு டியூபாவைக் கேளுங்க" என்றார். உதட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்வரத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தோம். ஓர் இடத்தில் அறையே திடீரென்று அமைதியானது போல இருந்தது. சத்தம் குறையவே இல்லை, கரகரப்பு மட்டும் போய்விட்டது. எனக்குக் கை சிலிர்த்தது. நான்கு பேர் வாசிக்கும் ஒரு நடு ஸ்வரம் 56 பேரின் ஒலியை இப்படி மாற்றும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்புறம், வாசிக்காமல் இருக்கும் நேரம். மூன்றாம் பகுதியில் ஓய்வு நிறைய வரும். 24 பார் சும்மா இரு என்று தாளில் ஒரு நீளக் கோடும் மேலே ஓர் எண்ணும் இருக்கும். எண்ணுகிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் பார் எண்ணைச் சொல்லிக்கொண்டே போவது. முதல் வருடம் நான் அதைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா கருவியைத் தூக்கும்போது நானும் தூக்குவேன். ஒரு நாள் ஒத்திகையில் நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில், ஒரே உறுதியோடு, ஒரு பார் முன்னதாக உள்ளே வந்தோம். பிறகு பேசிப் பார்த்தால், அன்று அக்கா என்னைப் பார்த்துத் தூக்கியிருக்கிறார். நான் வலது பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தூக்கியிருக்கிறேன். அவர் உதட்டைத் துடைக்கத்தான் கருவியை உயர்த்தியிருந்தார். எண்ணிக்கொண்டிருந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனியாக எண்ணுவது என்று முடிவு செய்தோம். கூடவே, ஓய்வு முடிவதற்கு முந்தைய இரண்டு பாரில் வேறு யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதைப் பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டோம். "டிரம்பெட் மூன்று முறை குத்தும்", "ஓபோ இறங்கி வரும்", "சிம்பல் அடித்த அடுத்த பார்" என்று. குறிப்பு எழுத வேண்டும் என்றால் அந்த 24 பாரையும் கவனித்துக் கேட்டாக வேண்டும். என்னுடைய பகுதியை அறையில் தனியாக உட்கார்ந்துகூடப் படித்துவிடலாம். மற்ற 52 பேர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கற்க ஒத்திகையைத் தவிர வேறு இடம் கிடையாது. பென்சில் இல்லாமல் ஒத்திகைக்கு வராதீர்கள். பேனா கூடாது, ஏனென்றால் அடுத்த வாரம் மாஸ்டர் மனம் மாறுவார்.

தாளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காதை நம்பு என்று இவ்வளவு சொன்னாலும், தாளத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். எங்களுக்குப் பத்து மீட்டர் பின்னால் நிற்கும் டிரம் ஒலி எங்களை வந்தடைய சுமார் 29 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லிநொடி. அந்த 29 மில்லிநொடி அதில் கிட்டத்தட்ட கால்வாசி. பின்வரிசை டிரம் ஒலி காதுக்கு வந்த பிறகு வாசித்தால், குச்சியைப் பார்த்து வாசிக்கும் பக்கத்து வரிசைகளைவிட நாம் பிந்திவிடுவோம். குச்சி எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. தாள் உயரத்தில் சரியாக இருந்தால் குச்சியும் ஸ்வரமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். ஸ்டாண்டைத் தாழ்த்தி வைத்துக் குனிந்து வாசிப்பவர்கள்தான் பெரும்பாலும் தாளம் தவறுவார்கள்.

மூச்சு விஷயத்தில் ஒரு சின்ன ஏற்பாடு எங்களுக்குள் இருந்தது. நீளமான வரியில் எல்லோரும் பார் கோட்டில் மூச்சு வாங்கினால் அங்கே ஒரு பள்ளம் விழும். அதனால் பக்கத்தில் இருப்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பார்த்து, நான் வேறு இடத்தில் குறி போட்டுக்கொள்வேன். ஸ்வரத்தின் நடுவிலேயே மெல்லத் தேய்ந்து வெளியேறி, மூச்சு வாங்கி, அதே போல மெல்ல உள்ளே வர வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த வரி எங்கேயும் அறுபடாது.

வீட்டுப் பயிற்சி தினம் நாற்பது நிமிடம்தான் கிடைத்தது. ஆரம்பத்தில் அதை வீணாக்கினேன். முதல் பாரிலிருந்து தொடங்கி, தடுக்கும் இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து வாசிப்பேன். இதனால் தொடக்கம் மட்டும் நன்றாக வந்தது. பிறகு தடுக்கும் இரண்டு பாரை மட்டும் எடுத்து, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, தொடர்ந்து ஐந்து முறை தப்பில்லாமல் வந்தால்தான் நான்கு எண் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். பிறகு அதற்கு முந்தைய பாரையும் சேர்த்து வாசிப்பேன், ஏனென்றால் பெரும்பாலும் சிக்கல் அந்த இரண்டு பாருக்குள் நுழையும் இடத்தில்தான் இருக்கும்.

ரீடுகளைப் பற்றிச் சுருக்கமாக. நான்கு ரீடுகளில் எண் எழுதிச் சுற்றில் வைத்திருங்கள், ஒன்றையே தேய்க்காதீர்கள். கச்சேரி நாளில் புது ரீட் வேண்டாம். வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். மரக் கிளாரினெட்டைக் குளிரிலிருந்து எடுத்து உடனே பலமாக ஊதினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. காதுக்கும் பாதுகாப்பு வேண்டும். எங்கள் வரிசைக்குப் பின்னால் டிரம்பெட்டுகள். 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த காதடைப்பான்கள் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், ஒலி மங்கிப் போகாது. இதை நான் இரண்டாம் வருடம்தான் வாங்கினேன். முதல் வாரமே வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் வருடக் கச்சேரிக்குக் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் எழுதிய ஈ ஃபிளாட் முதல் சூட் என்ற, மூன்று பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பை எடுத்தோம். பேண்டில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதன் பெயரைச் சொல்வார்கள். ஹோல்ஸ்ட் ஒரு டிராம்போன் கலைஞர், பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்த அனுபவம் அவர் எழுத்தில் தெரியும். முதல் பகுதி ஒரு ஷகோன், ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம். எட்டு பார் கொண்ட ஒரு மெட்டைத் தொடக்கத்தில் டியூபாவும் யூஃபோனியமும் மட்டும் வாசிக்கும். வழக்கமாக அடியில் தாங்கிக்கொண்டிருக்கும் கருவிகளிடம் முதல் சொல்லைக் கொடுத்திருக்கிறார். பிறகு அந்த எட்டு பார் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும், நடுவில் தலைகீழாகவும் வரும். அந்த மெட்டின் முதல் மூன்று ஸ்வரங்கள்தான் மீதி இரண்டு பகுதிகளுக்கும் விதை. இதை மாஸ்டர் சொன்ன நாளில், இப்போது யாரிடம் அந்த மெட்டு இருக்கிறது என்று ஒவ்வொரு எட்டு பாரிலும் தாளில் எழுதினேன். நான் வாசிக்கும் வரி அப்போது மெட்டுக்கு மேலே ஓடுகிறதா, கீழே தாங்குகிறதா என்று தெரிந்ததும், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

கச்சேரி அன்று மதியம் மேடையில் ஒரு ஒத்திகை. காலி அரங்கில் ஒலி எதிரொலித்து மிதந்தது. ஆட்கள் வந்து உட்கார்ந்தால் இது வறண்டுவிடும், பயந்துபோய் ஓங்கி வாசிக்காதீர்கள் என்றார் மாஸ்டர். அப்படியே நடந்தது. மேடைக்குப் பின்னால் காத்திருந்தபோது, கருவி குளிராமல் இருக்கச் சத்தமில்லாமல் வெறும் காற்றை ஊதிக்கொண்டே இருந்தோம். ஃபோல்டரில் தாள்களை வரிசைப்படி அடுக்கியிருந்தேன். பக்கம் திருப்பும் மூலைகளை மடிக்க மட்டும் மறந்துவிட்டேன்.

மூன்றாம் பகுதியான மார்ச்சில் அதற்கு விலை கொடுத்தேன். திருப்பும்போது இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. கண்ணுக்கு முன்னால் இருந்தது வேறு இசைத் துண்டு. நெஞ்சு படபடத்தது. முதல் வருடமாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு ஸ்வரத்தை வாசித்து மறைக்கப் பார்த்திருப்பேன். இந்த முறை கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டேன். டிராம்போன்கள் போய்க்கொண்டிருந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். பக்கத்தைச் சரியாகப் பிரித்து, நான் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பைக் கண்டுபிடித்து, அது முடியும் பாரில் உள்ளே வந்தேன். பத்துப் பன்னிரண்டு பார் போயிருக்கும். மற்ற மூன்று பேர் அந்த வரியை விடாமல் பிடித்திருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒத்திகை அறையில் எல்லோரும் சேர்ந்து பதிவைக் கேட்டோம். நான் தவறவிட்ட இடம் எது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. நிகழ்ச்சியை அந்தக் கோரலில்தான் தொடங்கியிருந்தோம். கடைசிக் கார்டு வந்தபோது அக்கா நினைவுக்கு வந்தார், அவர் அப்போது படிப்பு முடித்துப் போய்விட்டிருந்தார். எங்கள் டி-ஐத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். முதலில் கொஞ்சம் மேலே நின்று ஒரு துடிப்பு கேட்டது, பிறகு அது மெல்ல மெல்ல நின்றது. அதற்குப் பிறகு எங்களை அதில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மாஸ்டர் பதிவை நிறுத்தி, அந்தக் கார்டை மட்டும் இன்னொரு முறை போட்டார்.